நீதிமன்றப் படி ஏறுமுன்: அரசு அலுவலகத்தோடு பிணக்கு – கேள்வி பதில்

கேள்வி: உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். "தகுதி இல்லை" என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தது. நேராக வழக்குப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். எந்த விதியின்படி, எந்த ஆவணத்தைப் பார்த்து மறுத்தார்கள் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியாமல் போடும் மனு இருட்டில் எறிந்த கல். அடுத்தது மேலதிகாரியிடம் மேல்முறையீடு. பல நாடுகளில் இந்தப் படியைத் தாண்டாமல் வந்தால் நீதிமன்றம் வழக்கை ஏற்பதே இல்லை.

கேள்வி: மறுத்தவர்களிடமே போய் நின்றால் என்ன நியாயம் கிடைக்கும்?

பதில்: உங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் நீதிபதி பெரும்பாலும் சட்டம் மீறப்பட்டதா என்று மட்டுமே பார்ப்பார். மேலதிகாரியோ, முடிவு சரிதானா என்றே புதிதாக ஆராயலாம். விட்டுப்போன ஒரு சான்றிதழால் வந்த மறுப்பு அங்கேயே தீர்ந்துவிடும். மறுத்தவரே மறுபடியும் பார்க்கிறார் என்றால், வேறொருவர் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

கேள்வி: அரசு அலுவலகங்கள் மீதான மக்களின் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனால் உத்தரவு போட முடியாதாமே?

பதில்: பெரும்பாலான நாடுகளில் முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அதற்காக அவரை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்வீடன் 1809இல் தொடங்கிய பதவி இது. 1955இல் டென்மார்க்கும் 1962இல் நியூசிலாந்தும் ஏற்றுக்கொண்டன. கோப்புகளை வரவழைத்துப் படிப்பார். அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும். துறைகள் அஞ்சுவது அதற்குத்தான். தாமதம், அலட்சியம், பதிலே வராத கடிதம் என்றால் இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

கேள்வி: நடுநிலையாளர் ஒருவரை வைத்து நடத்தும் சமரசப் பேச்சில் வரியைக் குறைப்பார்களா?

பதில்: சட்டம் விதித்த வரியை அதிகாரி தன் விருப்பத்துக்கு விட்டுத்தர முடியாது. அது பொதுப் பணம். தவணை, இழப்பீட்டுத் தொகை, வேலையை முடிக்கும் தேதி போன்றவற்றில் பேச இடமுண்டு.

கேள்வி: பேச்சு நடக்கும்போது வழக்குக்கான கெடு நிற்குமா?

பதில்: எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். நாட்டுக்கு நாடு மாறும்; ஒரே நாட்டிலும் வழிக்கு வழி மாறும். பிரான்சில் இரு தரப்பும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டால் கெடு ஓடாது. அதே நாட்டில் 2011இல் ஏற்பட்ட, ஒம்பட்ஸ்மன் போன்ற பதவியான உரிமைப் பாதுகாவலரிடம் புகார் கொடுத்தால், அதனால் மட்டும் கெடு நிற்காது. இந்த வேறுபாடு தெரியாமல், வெல்லக்கூடிய வழக்கை நாள் கடந்து இழப்பவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். கெடு முடியும் நாள் கடிதத்தில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். நாள் நெருங்கிவிட்டதா? வழக்கைப் பதிவு செய்துவிட்டே பேசுங்கள். அதன் பிறகும் சமரசம் பேசலாம்.