கடலோரத்துக்காரர் மலைப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகலாமா?

ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர், அடையாளம் தெரிந்த பறவைகள் பத்து இருபதுதான், நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நானும் மண்டபம் பக்கத்து ஆள்தான், போய்க்கொண்டிருக்கிறேன். தமிழ்நாடு வனத்துறை நீர்ப்பறவைகளை ஒரு கட்டமாகவும் தரைப்பறவைகளை இன்னொரு கட்டமாகவும் கணக்கெடுக்கிறது. மலைக்காடுகள் இரண்டாவதில் வரும். குழுவில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், புதியவர் குறிப்பெடுத்துக்கொண்டே பழகிவிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாடைக்காலம் முழுக்க நம் கடற்கரையிலேயே எண்ணிப் பழகுங்கள். தனுஷ்கோடி போகிற வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரை, உள்ளான், ஆலா எல்லாம் மறைவில்லாமல் நிற்கும். உள்ளான் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியிலேயே பறந்துவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் அளக்க வேண்டும். ஓதம், அதாவது கடல்நீர்மட்டம், ஏறும் நேரம் நல்லது. வற்றினால் சேற்றுவெளி முழுக்கச் சிதறி இரை தேடும், ஏறினால் மிச்சமிருக்கும் மேட்டில் ஒன்றாக ஒண்டும்.

மலையில் இதற்கு நேர்மாறு. உயரமான மலைகளில் அடர்ந்திருக்கும் சோலைக்காட்டுக்குள் பனிமூட்டத்தில் கண்ணுக்கு வேலை குறைவு, காதுதான் எண்ணும். குறித்த இடத்தில் சில நிமிடம் அசையாமல் நின்று, கேட்டதையும் பார்த்ததையும், எவ்வளவு தூரத்தில் என்பதோடு எழுத வேண்டும். கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பான் பூச்சி சத்தம் மாதிரி மெல்லிசாகக் கீச்சிடும். புதர் அடியில் தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு ஆரஞ்சு உடம்பு, கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை. அந்தக் குரல் தெரியாதவர் பக்கத்திலேயே நின்றாலும் அது கணக்கில் வராது. அதனால் போவதற்கு முன்பே வீட்டில் குரல் பதிவுகளைக் கேட்டுப் பழகுங்கள். காட்டுக்குள் மட்டும் ஒலிக்கவிடாதீர்கள். பறவை பதறி வெளியே வரும், கணக்கும் பொய்யாகிவிடும்.

சந்தேகமாக இருந்தால் "ஏதோ ஒரு ஈப்பிடிப்பான்" என்றே எழுதுங்கள். எதுவும் வராத இடத்தில் பூஜ்யம் போடுங்கள், அதுவும் தகவல்தான். உதாரணத்துக்கு, நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளை விட்டால் வேறெங்கும் இல்லை. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகை, தைல மரத் தோட்டங்கள் விழுங்கிவிட்டன. வெயில் கூடினாலும் ஏறிப் போக அதற்கு மேலே மலை கிடையாது. எந்தச் சரிவில் இருந்தது, எங்கே காணோம் என்று வருடா வருடம் எழுதி வைத்தால்தான் எதைக் காப்பாற்றுவது என்பதே தெரியும்.

சரி, முதல் வேலை: டிசம்பரிலேயே ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும்.