"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள், டீச்சர்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். தனியாக எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மைதானத்தில் அவ்வளவு பேசும் பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாயே திறப்பதில்லை?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: "புரியலை" என்று முப்பது பேர் முன்னால் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "தை மாசம் நிறைஞ்சிருந்த குளத்துத் தண்ணி பங்குனியில எங்கே போச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அதுதான் கடினம். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு நேரம் குறித்து, 1970-களில் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் வேறொருவரிடம் தாவினார்கள், இல்லையென்றால் பதிலைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். என் மனதை உறுத்துவது வேறொன்று. நன்றாகப் படிப்பவர்களுக்குக் காத்திருந்த அளவுகூடப் பின்தங்கியவர்களுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிற பிள்ளைக்குக் குறைந்த நேரம்!

சரி, காத்திருந்தீர்கள். "வெயில் குடிச்சிருச்சு டீச்சர்" என்கிறான் ஒருவன். வகுப்பே சிரிக்கிறது. இப்போது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "தப்பு, உட்காரு" என்றால், அவனோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். "குடிச்ச தண்ணி இப்போ எங்கே இருக்கும்?" என்று அவனிடமே கேளுங்கள். ஆவியாதல் பாடத்தில் பாதியை அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

அப்புறம், அவர்கள் உங்களிடம் பழக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சத்துணவு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாடப் பேச்சே வேண்டாம். யார் வீட்டில் ஆடு குட்டி போட்டது, யாருடைய அப்பா வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார் என்பதெல்லாம் தானாக வரும். கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் முதலில் போய் உட்காருங்கள்.

வகுப்பில் சத்தம் கூடத்தான் செய்யும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளத்துக் கேள்விக்கு என்னென்ன பதில் வந்தது என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.