ஜூலு மக்கள் பகலில் கதை சொல்ல மாட்டார்களாமே, ஏன்?

ஆமாம், தென்னாப்பிரிக்க ஜூலு மக்களிடம் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைத்துவிடுமாம்! பகல் வேலைக்கு, கதைக்கு இரவு. சொல்பவர் பெரும்பாலும் பாட்டி.

‘க்வேசுகேசுகேலா’ என்று அவர் தொடங்குவார். நம் ‘ஒரு ஊர்ல’ மாதிரிதான். பிள்ளைகள் உடனே ‘ச்சோசி’ என்பார்கள். அதன் முதல் ஒலி, நாம் பாவப்பட்டு ‘ச்சு’ கொட்டுவோமே, கிட்டத்தட்ட அதே ஒலி. கதை நடுவே திரும்பத் திரும்ப ஒரு பாட்டு வரும். அதையும் சேர்ந்தே பாடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கேட்பவரும் கதைசொல்லி ஆகிவிடுகிறார்.

1860களில் ஹென்றி கேலவே என்ற மதபோதகர் இவற்றைத் தொகுத்து அச்சிட்டார். தந்திரக்காரன் உஹ்லகன்யானாவை அதில் சந்திக்கலாம். அப்புறம், முடிந்தால் யாராவது சொல்லியும் கேளுங்கள்.