உஸ்பெக்கும் மோஸியும் ஒப்பிட்டுப் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், பி.எட். வேண்டாம், மொழியியல் எம்.ஏ. சேர்ந்து உஸ்பெக் மொழியையும் மோஸி மொழியையும் ஒப்பிடப் போகிறேன் என்கிறாள். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு மொழிகளின் பெயரைச் சொல்லி இங்கே யாரும் வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. ஆனால் உறவே இல்லாத இரண்டு மொழிகளைப் பிரித்துப் பார்த்து, எது எப்படி இயங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் மகள் தேர்ந்தெடுத்த ஜோடி அந்தப் பயிற்சிக்கு மிக நல்ல ஜோடி.

உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா பக்கத்து மொழி. பேசுபவர்கள் மூன்று கோடிக்கும் மேல். மோஸி மக்களின் மொழிக்கு மோரே என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ஏறத்தாழ பாதிப் பேரின் தாய்மொழி அதுதான்.

உஸ்பெக்கில் 'மென் மக்தப்க பொராமன்' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. நம் முஸ்லிம் ஊர்களில் குர்ஆன் ஓதப் போகும் அதே மக்தப்தான். சொல் வரிசையைப் பாருங்கள்: நான், பள்ளிக்கு, போகிறேன். 'க' நம் 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. கடைசியில் வரும் 'மன்', 'போகிறேன்' என்பதன் கடைசி 'ஏன்' போல 'நான்' என்று காட்டுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த இலக்கணம் பழகிய வீடு. மோரே அப்படியில்லை. வினை நடுவில் வரும். குரலின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றும், எழுத்தில் அதைப் பொதுவாகக் குறிப்பதும் இல்லை. பன்மை இன்னும் சுவாரசியம்: 'பாக' (நாய்) 'பாசெ' ஆகும், 'நெத' (ஆள்) 'நெப' ஆகும், 'யிரி' (வீடு) 'யிய' ஆகும். நாம் பெரும்பாலும் 'கள்' சேர்த்துவிடுவோம். 'மாணவன்' போன்ற சில சொற்கள் மட்டும் ஈறு மாறி 'மாணவர்' என்று ஆகின்றன அல்லவா, மோரேயில் பெயர்ச்சொற்கள் பொதுவாகவே வகை வகையாக அப்படி ஈறு மாறுகின்றன.

இங்கேதான் நான் உங்கள் மகளைக் கண்டிப்பாக எச்சரிக்க விரும்புகிறேன். ஒற்றுமையைப் பார்த்ததும் உறவு என்று முடிவுகட்டும் ஆசை நம்மிடம் அதிகம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் எழுதிய கால்டுவெல்லே, துருக்கிய மொழிகளும் அடங்கிய 'சித்திய'க் கூட்டத்தோடு திராவிடத்தைச் சேர்த்துப் பார்த்தார். செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் திராவிடர்க்கும் ஆப்பிரிக்கர்க்கும் உறவு உண்டு என்று ஆர்வத்தோடு பேசியவர். இரண்டையுமே இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஒட்டு மேல் ஒட்டு வைப்பதும் வினையை இறுதியில் வைப்பதும் உலகில் பல மொழிகள் தனித்தனியே கண்ட வழிகள். நேர்முகத் தேர்வில் 'தமிழும் உஸ்பெக்கும் அக்கா தங்கை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே இருப்பவர்களின் நம்பிக்கை போய்விடும். உறவை நிறுவும் ஒப்பீடு வேறு, அமைப்பைப் புரிந்துகொள்ளும் ஒப்பீடு வேறு. அவள் செய்ய வேண்டியது இரண்டாவது.

வேலை எங்கே என்றால், முதலில் கணினி மொழியியல், அதாவது கணினிக்கு மனித மொழிகளைக் கையாளச் சொல்லித்தரும் துறை. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022-இல் வெளியிட்ட, 200 மொழிகளுக்கான கணினி மொழிபெயர்ப்பு மாதிரியில் (மாடல்) தமிழ், உஸ்பெக், மோஸி மூன்றும் இருக்கின்றன. அதைச் சோதிக்கத் தயாரித்த ஃபுளோரஸ் தொகுப்பில் ஒரே வாக்கியம் எல்லா மொழிகளிலும் கிடைக்கும், இலவசமாக. பைத்தான் என்ற கணினி நிரல் மொழி தெரிந்த, இலக்கணமும் தெரிந்த ஆள் இந்தத் துறைக்குத் தேவை. ஆகவே எம்.ஏ.வோடு பைத்தான் கட்டாயம். இதில் சலுகை கிடையாது. அடுத்தது ஆராய்ச்சி. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் மொழியியல் ஒரு பாடம், அதன்வழி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் இடம்) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் இருக்கின்றன. ஹைதராபாத்துக்கு சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும்.

இரண்டு மொழியையும் சமமாகப் படிக்கச் சொல்ல மாட்டேன். உஸ்பெக்கை ஆழமாகப் படிக்கட்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு உஸ்பெக் கற்பிக்க ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு, தமிழ் இலக்கணம் மனதில் இருப்பவளுக்கு வாக்கிய அமைப்பு இவ்வளவு பாடுபடுத்தாது. எழுத்துதான் தொல்லை. 1993-இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் வந்தும் ரஷ்ய மொழியை எழுதும் சிரில்லிக் எழுத்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, சோவியத் காலத்து நூல்களில் பெரும்பாலானவையும் அதில்தான். எனவே ரஷ்ய மொழியும் கொஞ்சம் வேண்டும். சென்னையில் கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் படிக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் நாடு என்பதால் உஸ்பெகிஸ்தான் உங்களுக்கும் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

மோரேயை இப்போதைக்கு நூல்களிலும் ஒலிப்பதிவுகளிலும் மட்டும் படிக்கட்டும். புர்கினா ஃபாசோவில் 2015 முதல் ஆயுதத் தாக்குதல்கள் நடக்கின்றன. 2022-இல் மட்டும் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கள ஆய்வுக்கு அங்கே போக அனுமதிக்க வேண்டாம் என்று நானே சொல்கிறேன். மோரே பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருப்பதால் பிரெஞ்சு கற்பிக்கும் அலையான்ஸ் பிரான்சேஸில் பி1 என்னும் இடைநிலை வரை முடித்துவிடட்டும். ஆராய்ச்சி கைகூடாமல் போனாலும் பிரெஞ்சு தனியே வேலை தரும். உங்கள் கவலைக்கு அதுதான் காப்பு.

பி.எட். விண்ணப்பத்தைப் பற்றி இந்த வாரம் பேச வேண்டாம். ஃபுளோரஸிலிருந்து இருபது வாக்கியங்களை எடுத்து, தமிழ், உஸ்பெக், மோஸி வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வினை எங்கே, பன்மை எங்கே, 'நான்' எங்கே என்று குறித்து வரச் சொல்லுங்கள். முதல் ஐந்திலேயே சலித்துவிட்டால் பி.எட். பற்றிப் பேசலாம். இருபதையும் முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டால், சி.யு.இ.டி. அறிவிப்பு எப்போது வருகிறது என்று நீங்களே அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.