பின்சக்கர பிரேக் பேட்: மாற்றக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் காரில் 4 சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்பக்க பேட் தேய்ந்துவிட்டது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறது ஒர்க்‌ஷாப். தெருமுனைப் பட்டறையிலோ பேட் மட்டும் போதும், அரை மணி நேர வேலை என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், காரைக்குடி

பதில்: டிஸ்க்கை அளந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். எத்தனை மி.மீ. கனம் வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். விளிம்பில் தேயாத மேடு நிற்பதால் வெர்னியர் அளவுகோல் கனத்தைக் கூட்டிக் காட்டும். அளவு போதுமானதாக இருந்து, ஆழமான கோடோ வெடிப்போ இல்லையென்றால் டிஸ்க்குக்குச் செலவு வேண்டாம். பேடில் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு மருந்தை (டிஸ்க்கில் உரசும் பகுதியை) மட்டும் அளக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 4 பேடையும் மாற்றிவிடுங்கள்.

பட்டறையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: “பின் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளுவீர்கள்?” பேடை டிஸ்க்கோடு அழுத்தும் உருளைதான் பிஸ்டன், அது இருக்கும் கூடு கேலிப்பர். முன்பக்கத்தில் சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) வைத்து இறுக்கினால் போய்விடும். ஹேண்ட்பிரேக் கேபிள் நேராகப் பின் கேலிப்பருக்கு வரும் கார்களில் பிஸ்டன் திருகுப் புரியில் உட்கார்ந்திருக்கும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அதற்கான டூலால் சுற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் உடையும். அதன்பின் ஹேண்ட்பிரேக் பிடிக்காது, கேலிப்பரையே மாற்ற வேண்டிவரும். பட்டன் ஹேண்ட்பிரேக் என்றால் ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் கை வைக்கக் கூடாது. ஸ்கேனர் இல்லை என்றால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

சுற்றும் பிஸ்டனின் முகத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். உள்பக்க பேடின் முதுகில் சின்னக் குமிழ் இருந்தால் அது அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பேட் சாய்ந்து நின்று ஆப்பு மாதிரி ஒருபக்கமாகத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி செலவு. அவசரத்தில் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். இடையில் யாராவது டாப்-அப் செய்திருந்தால் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய கேலிப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டுமே. சாதா கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, ஸ்லைடு பின் இறுகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். முதல் 300 கி.மீ. சடன் பிரேக்கைத் தவிருங்கள்.

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் ஆச்சி மட்டும் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போனால்தான் காரை எடுப்போம். இந்த முறை பின்சக்கரம் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. பேட் போய்விட்டதா? – வாசகி, சென்னை

பதில்: ஹேண்ட்பிரேக் போட்டபடி மாதக்கணக்கில் நின்றால் பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், பேடின் மருந்து தகட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி விடுவிக்கச் சொல்லுங்கள். அப்போதே உள் பேடையும் வெளிப் பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள் பேட் மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போடுவது வீண். டிஸ்க்கின் மேலாகப் படிந்த துரு, மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். இனி சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பள்ளத்தூர் வரை யாரையாவது ஓட்டிவரச் சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: பேட் மாற்றியபின் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. கேட்டால் “முன்னாடியே அப்படித்தான்” என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குக் கொடுத்தபோது எழுதிய ஜாப் கார்டில் ஹேண்ட்பிரேக் குறை இல்லையென்றால் அதுவே உங்கள் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் கட்டாயம் வேண்டும். பேடின் பார்ட் நம்பர், கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கட்டும். கழற்றிய பழைய பேடையும் பையில் போட்டு வாங்கி வைத்திருங்கள்.