சாயப்பட்டறைக் கழிவுநீர்க் கட்டணம்: உப்புக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் தொகை கையைக் கடிக்கிறது. பட்டறைக்குள் எதைச் சரிசெய்யலாம்?

பதில்: உப்பும் தண்ணீரும்தான். 1990களில் திருப்பூரில் வந்த பொது நிலையங்கள் நிறத்தையும் காரத்தையும் குறைத்தன. சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பு கரைந்திருப்பதை விட்டுவிட்டன. அது நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுத் தேக்கமாக்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிலம் பாழான அவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பதால் உப்பைப் பிரித்தே ஆகவேண்டும். ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி) ஒதுக்கும் உப்புத் தண்ணீரான ரிஜெக்டைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டர்தான் செலவை விழுங்குகிறது.

250 கிலோ துணிக்கு லிக்கர் ரேஷியோ (துணி எடைக்குத் தண்ணீர் அளவு) 1:8 என்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினை ஒருமுறை நிரப்ப, 2,000 லிட்டர். சாய பாத்தில் லிட்டருக்கு 60 கிராம் வீதம் 120 கிலோ உப்பு. 1:6க்கு இறக்கினால் 1,500 லிட்டர், 90 கிலோ. பிளீச்சிங் முதல் சாஃப்ட்னர் வரை எட்டு பாத் போனால் 4,000 லிட்டர் மிச்சம். மெஷின் தாங்கும் அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். துணி முறுக்கிக்கொண்டு மடிப்புக்கோடு விழும், ஷேடும் திட்டுத்திட்டாகும்.

சாய பாத்தையும் முதல் வாஷையும் மற்ற வாஷ் தண்ணீரோடு கலக்காதீர்கள். கலந்தால் மொத்தத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஏறி, ஆர்.ஓ.வில் மீளும் நல்ல தண்ணீர் குறையும், ரிஜெக்ட் கூடும். தனிக் குழாயில் வாங்கும் வசதி உங்கள் நிலையத்தில் உண்டா என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள்.

சாதா உப்பா, கிளாபர் சால்ட்டா (சோடியம் சல்பேட்)? நிலையம் எதை மீட்கிறதோ அது மட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் கடைசியில் வருவது கலப்பு உப்பு. அது சாயத்துக்கு உதவாமல் மூட்டை மூட்டையாகத் தேங்கும்.

மீட்ட ப்ரைனை (உப்புக் கரைசலை) நிலையத்திடமிருந்து திருப்பி வாங்கும்போது பலரும் சறுக்குவது காரத்தில்தான். கார்பனேட், பைகார்பனேட் மிச்சமிருந்தால், சாயத்தைத் துணியில் நிலைக்கவைக்கும் காரமான சோடா ஆஷ் போடுமுன்பே சாயம் பிடிக்கத் தொடங்கிவிடும். வெளிர் ஷேடில் உடனே தெரியும். ஒவ்வொரு லோடிலும் உப்பின் அளவு, காரத்தன்மை, கடினத்தன்மை மூன்றையும் சோதியுங்கள். காரம் இருந்தால் அசிட்டிக் அமிலத்தால் பி.எச். 6.5–7க்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடி அளந்த பிறகே சாயத்தை ஊற்றுங்கள்.