பெண்கள் கல்லூரிகளின் வளாகச் சூழல் ஏன் ஒன்றுபோல இருப்பதில்லை?

வளாகக் கலாச்சாரம் என்றால், வகுப்பு முடிந்த பிறகு அங்கே வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதுதான். எங்கே தங்குகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள், விதிகளை யார் வகுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

அமெரிக்காவின் பழைய பெண்கள் கல்லூரிகளைப் பாருங்கள். ஸ்மித் கல்லூரியில் பெரிய விடுதிகளுக்குப் பதிலாக 30-க்கும் மேற்பட்ட ‘வீடுகள்’ இருக்கின்றன. முதலாண்டு மாணவியும் இறுதியாண்டு மாணவியும் ஒரே வீட்டில் வசிப்பார்கள். வெள்ளிக்கிழமை சேர்ந்து தேநீர் அருந்துவது நெடுநாள் வழக்கம். அதனால் மூத்தவர்களிடம் தயக்கம் சீக்கிரம் போய்விடும். பிரின் மார் கல்லூரியில் 1892 முதல் மாணவிகளுக்குச் சுயாட்சி உண்டு, அதாவது தங்கள் விதிகளைத் தாங்களே வகுக்கும் உரிமை. மதிப்பெண்ணைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத பழக்கமும் அங்கே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒப்பீடு இல்லாத இடத்தில் படிப்பது பெரிய நிம்மதி. பார்னர்டு கல்லூரி நியூயார்க் நகருக்குள்ளேயே இருப்பதால், மாணவிகளின் பொழுது வளாகத்தைத் தாண்டி ஊரெங்கும் பரவிவிடுகிறது.

கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனால் ஆள் மாறுவதில்லை, பழகும் விதம் மாறுகிறது. அதுபோலத்தான் இதுவும்: தங்கும் இடமும் விதிகளும் மாறினால் வளாகச் சூழலும் மாறிவிடுகிறது.

அப்புறம், பெண்கள் கல்லூரி என்றால் ஆண்களே கண்ணில் படாத இடம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பார்னர்டு மாணவிகள் எதிரே உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.